பத்தாம் வகுப்பின் எட்டாம் இயல்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் எட்டு இயல்களில் கடைசியாக நிற்பது ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ என்னும் இயல். உறவுகளும் சார்புகளும் என்று ஜூன் மாதத்தில் தொடங்கி, தொடர்வரிசைகளையும் இயற்கணிதத்தையும் கடந்து, வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து, கூம்பின் கனஅளவையும் கண்டுபிடித்துக் களைத்துப்போன மாணவர் இந்த இயலுக்கு வந்துசேரும்போது திருப்புதல் தேர்வுகள் நெருங்கிவிடுகின்றன. உபாத்தியாயருக்கும் அவகாசம் குறைந்துவிடுகிறது. ஆகையால் பல வகுப்பறைகளில் சூத்திரங்கள் கரும்பலகையில் எழுதப்படுகின்றன, மாதிரிக்கு இரண்டொரு கணக்குகள் போட்டுக் காட்டப்படுகின்றன, எஞ்சியவை யாவும் வீட்டுக்கணக்கு என்ற பெயரில் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விடுகின்றன.

பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிய பிறகு, இருபடிச் சமன்பாட்டைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் தீர்க்க நேராத லட்சக்கணக்கான மக்கள், சராசரியையும் சதவீதத்தையும் நிகழ்தகவையும் சந்திக்காமல் ஒரு வாரத்தைக் கழிக்க முடியாது. விலைவாசி உயர்வு, பருவமழையின் அளவு, தேர்தல் கருத்துக்கணிப்பு, ரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சிட்டிருக்கும் ‘இயல்பான அளவு’, ஒரு மருந்து எத்தனை பேருக்குப் பலித்தது என்னும் செய்தி ஆகிய எல்லாமே அந்த எட்டாம் இயலின் பாஷையிலேதான் நம்மிடம் பேசுகின்றன. அந்தப் பாஷையைப் படிப்பதற்கு அமைந்த இடம், வகுப்பறையைக் காட்டிலும் அதிகமாக, வீட்டில் தனியே உட்கார்ந்து கணக்குப் போடும் அந்த ஒரு மணி நேரமே என்பது என் அபிப்பிராயம். கணக்கின் முடிவில் ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண் எதைச் சொல்லுகிறது, ஏன் அந்த வழியில் அதை வருவித்தோம் என்னும் இரு கேள்விகளையும் கேட்டுப் பதில் கண்டபிறகே கணக்கு முடிந்தது என்று கொள்ளவேண்டும். விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டு நிறுத்திவிடுகிற பழக்கத்தால், பிள்ளைகள் பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு முழுக் கணக்கையும் போட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இரண்டு மாணவிகள் ஐந்து தேர்வுகள் எழுதினார்கள். முதலாமவள் பெற்ற மதிப்பெண்கள் 60, 62, 58, 61, 59. இரண்டாமவள் பெற்றவை 90, 30, 75, 45, 60. இருவரில் யாருடைய மதிப்பெண்கள் சீரானவை என்பது கேள்வி. கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் மொத்தம் 300. கூட்டுச் சராசரி 60. சராசரி ஒன்றையே நம்பி ஒரு பதிவேட்டை எழுதுகிறவருக்கு இவ்விருவரும் ஒருத்தியே.

அடுத்தபடியாக, ஒவ்வொரு மதிப்பெண்ணும் 60-இலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று எழுதவேண்டும். இரண்டாமவளுக்கு அந்த விலக்கங்கள் 30, –30, 15, –15, 0. இந்த இடத்தில் பாடநூல், விலக்கங்களை வர்க்கப்படுத்து என்று கட்டளையிடுகிறது. பிள்ளையும் மறுபேச்சின்றி வர்க்கப்படுத்திவிடுகிறது. சற்று நிறுத்தி, அவற்றை அப்படியே கூட்டினால் என்ன என்று கேட்கிற பிள்ளை ஒரு முக்கியமான விஷயத்தைத் தானே கண்டுபிடித்துவிடும். கூட்டினால் பூஜ்யம் வருகிறது. முதலாமவளின் 0, 2, –2, 1, –1 ஆகியவற்றைக் கூட்டினாலும் பூஜ்யமே. எந்த எண்களை எடுத்துக்கொண்டாலும் இப்படியே வரும். ஏனென்றால், மேலே நிற்பவற்றின் மிகுதியும் கீழே நிற்பவற்றின் குறையும் சரிக்குச் சரியாகும்படி அமைந்த இடத்துக்குத்தான் நாம் கூட்டுச் சராசரி என்று பெயரிட்டிருக்கிறோம். ஆகையால் விலக்கங்களின் கூட்டுத்தொகை சிதறலைப் பற்றி எதையும் சொல்லமாட்டாது. எப்படியாவது அந்தக் கழித்தல் குறியை நீக்கியாகவேண்டும்.

நீக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. குறியைப் பாராட்டாமல் வெறும் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சராசரி காணலாம். அப்படிச் செய்தால் இரண்டாமவளுக்கு 90-ஐ 5-ஆல் வகுத்து 18 கிடைக்கிறது. அது குற்றமான அளவு அன்று. நேர்மையான, எளிதில் விளங்குகிற அளவுதான். ஆனால் அவ்வாறு அளந்த தூரங்களின் கூட்டுத்தொகை மிகச் சிறியதாக இருக்கும் இடம் இடைநிலை அளவாகும். வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகச் சிறியதாக இருக்கும் இடமோ கூட்டுச் சராசரியாகும். சராசரியை மையமாகக் கொண்டவர் சிதறலை வர்க்கத்தால் அளப்பதற்கு இந்த உறவே பிரமாணம். வர்க்கப்படுத்தினால் 900, 900, 225, 225, 0; மொத்தம் 2250; ஐந்தால் வகுத்தால் 450. இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. ஆனால் இந்த 450 என்பது மதிப்பெண் அன்று, மதிப்பெண்ணின் வர்க்கம். அப்படி ஓர் அலகை யாரும் எந்தத் தேர்விலும் பெற்றதில்லை. ஆகவே வர்க்கமூலம் கண்டு, மதிப்பெண் என்னும் அலகுக்கே திரும்பி வருகிறோம்: 21.21. இதுவே திட்ட விலக்கம். முதலாமவளுக்கு இதே வழியில் வர்க்கங்களின் மொத்தம் 10, வர்க்கச் சராசரி 2, திட்ட விலக்கம் 1.41. திட்ட விலக்கத்தைச் சராசரியின் சதவீதமாக்கி மாறுபாட்டுக் கெழுவாகச் சொன்னால், ஒருத்திக்கு 2 சதவீதத்துக்குச் சற்று மேல். மற்றவளுக்கு ஏறத்தாழ 35 சதவீதம்.

இங்கே இரட்டைக் கோடு போடும் கையைத் தடுத்து, இவ்விரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு உபாத்தியாயர் என்ன செய்வார் என்று பிள்ளையைக் கேட்கவேண்டும். முதலாமவளின் அடுத்த தேர்வு எப்படியிருக்கும் என்று அவர் துணிந்து சொல்லலாம். அவளுக்கு வேண்டியது எல்லாப் பாடங்களிலும் சற்றே கூடுதலான பயிற்சி. இரண்டாமவளைப் பற்றி 60 என்னும் சராசரி அநேகமாக ஒன்றையுமே சொல்லவில்லை. 90 வாங்கத் தெரிந்தவள் 30 வாங்கிய அன்று என்ன நடந்தது, பாடம் விளங்கவில்லையா, வீட்டில் யாருக்காவது உடல்நலம் குன்றியிருந்ததா என்று விசாரிக்கவேண்டிய கடமையை 21.21 என்னும் எண் அவர்மேல் சுமத்துகிறது. இந்த வாக்கியத்தை விடையின் கீழே எழுதிவைக்கிற பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண்ணுக்கு மேலும் கொடுப்பேன்.

இதே கணக்கை வைத்துக்கொண்டு இன்னும் சிறிது தூரம் போகலாம். உபாத்தியாயர் மனமிரங்கி எல்லாத் தேர்வுகளுக்கும் ஐந்தைந்து மதிப்பெண் கூட்டினால் சராசரி 65 ஆகிவிடும்; விலக்கங்களோ எள்ளளவும் மாறா; ஆகவே திட்ட விலக்கமும் மாறாது. 50-க்குப் போட்ட மதிப்பெண்களை 100-க்கு மாற்றினால் திட்ட விலக்கம் இரண்டு மடங்காகும். விலக்க வர்க்கச் சராசரி நான்கு மடங்காகும். எல்லா எண்களிலும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் சிதறல் மாறாது என்னும் உண்மைதான், ஊகச் சராசரி முறை என்று பாடநூல் கற்பிக்கிற முறைக்கு ஆதாரம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதை நாம் அறிவோம். கணக்குக்காக, ஐந்து நாள்களில் நீர்மட்டம் 118, 119, 120, 117, 116 அடியாக இருந்தது என்று கொண்டால், அந்த மூன்றிலக்க எண்களைக் கட்டிக்கொண்டு பாடுபடவேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் 118-ஐக் கழித்துவிட்டால் 0, 1, 2, –1, –2 என்னும் சின்னஞ்சிறு எண்களே மிஞ்சுகின்றன. சிதறல் அப்படியே இருக்கிறது. கணிப்பான் வந்துவிட்ட காலத்தில் இந்த முறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உழைப்பைக் குறைப்பதற்காக மட்டும் அது பாடத்தில் இருக்குமானால் அவர்கள் சொல்வது நியாயமே. சிதறல் என்பது எண்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்ததன்று, ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது என்னும் உண்மையைக் கைவழியாக மனத்தில் பதியவைப்பதற்கு, அதைவிடச் சிறந்த அப்பியாசம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பொத்தான்கள்

கல்லூரியில் காலெடுத்து வைத்த முதல் பருவத்திலேயே மாணவர் ஒரு குழப்பத்துக்கு ஆளாகிறார். பள்ளியில் ஐந்தால் வகுத்த அதே கணக்கை இங்கே நான்கால் வகுக்கச் சொல்லுகிறார்கள். அறிவியல் கணிப்பானைத் திறந்தால் திட்ட விலக்கத்துக்கு ஒன்றுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்று 21.21 என்கிறது, மற்றொன்று 23.72 என்கிறது. எது சரி என்று கேட்டால், ‘மாதிரி என்றால் ஒன்றைக் குறைத்து வகுக்கவேண்டும்’ என்னும் விதி ஒன்று பதிலாக வருகிறது. மனப்பாடம் செய்த விதி தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகிறது.

அந்த ஒன்றை ஏன் குறைக்கிறோம் என்பதை அரைத்தாளில், பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்படி, போட்டுப் பார்த்துவிடலாம். 1, 2, 3 என்று எழுதிய மூன்று சீட்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். இம்மூன்றின் சராசரி 2. விலக்கங்கள் –1, 0, 1. வர்க்கங்களின் மொத்தம் 2. மூன்றால் வகுத்தால் உண்மையான விலக்க வர்க்கச் சராசரி 2/3. இப்போது டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாத ஒருவர், ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டுவிட்டு மீண்டும் ஒரு சீட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைக்கக்கூடிய ஜோடிகள் ஒன்பது. இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக வருபவை மூன்று. அவற்றில் விலக்கமே இல்லை. ஒன்று வித்தியாசமாக வருபவை நான்கு. அவை ஒவ்வொன்றிலும் விலக்க வர்க்கங்களின் மொத்தம் 1/2. ஒன்றும் மூன்றுமாக வருபவை இரண்டு; அவற்றில் ஒவ்வொன்றுக்கும் அந்த மொத்தம் 2. ஒன்பது ஜோடிகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் 6. ஒவ்வொன்றையும் சீட்டின் எண்ணிக்கையாகிய இரண்டால் வகுத்திருந்தால், ஒன்பது ஜோடிகளின் சராசரி 1/3 என்று வரும். அது உண்மையில் பாதிதான். ஒன்றைக் குறைத்து, ஒன்றால் வகுத்திருந்தால், சராசரி, 6-ஐ 9-ஆல் வகுத்துக் கிடைக்கும் 2/3. டப்பாவுக்குள் இருந்த உண்மை அப்படியே வெளிவந்துவிடுகிறது.

காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. எடுத்த சீட்டுகளின் சராசரி எப்போதும் அந்தச் சீட்டுகளுக்கே நெருக்கமாக நிற்பது. டப்பாவின் உண்மையான சராசரியோ அவற்றை விட்டு விலகியிருக்கக்கூடும். ஆகவே நெருங்கிய இடத்திலிருந்து அளந்த சிதறல் உண்மையைவிடக் குறைந்தே காணும். அந்தக் குறையை நிரப்புவதற்காக வகுஎண் குறைக்கப்படுகிறது. வேறொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம்: மேலே கண்ட மாணவியின் விலக்கங்களில் 30, –30, 15, –15 ஆகிய நான்கும் தெரிந்துவிட்டால், மொத்தம் பூஜ்யமாக வேண்டியிருப்பதால், ஐந்தாவது 0 என்பது கேட்காமலே தெரிந்துவிடுகிறது. ஐந்து எண்களிலிருந்து கிடைப்பது நான்கு செய்திகள். அந்த ஐந்தையும் ஒரு பெருந்தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியாகக் கொண்டால், நான்கால் வகுப்பதே முறை.

சிறு மாதிரிகளைப் பற்றிய இந்த விசாரணை உலகத்தில் வேரூன்றியது ஒரு மதுபான ஆலையில். டப்ளின் நகரத்து கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி கோசெட் என்பவர், பார்லியின் தரத்தை நாலைந்து சோதனைகளைக் கொண்டே தீர்மானிக்கவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருந்தார். அதுவரை இருந்த சூத்திரங்களோ நூற்றுக்கணக்கான அளவுகள் கையில் இருப்பவர்களுக்கே பயன்பட்டன. தாம் கண்ட விடையை 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் அவர் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சிகளை வெளியிட அந்த ஆலை அனுமதிக்கவில்லை. அந்தக் கட்டுரையில் நம் பிள்ளைகள் அறியவேண்டிய பகுதி ஒன்று உண்டு. தம் சூத்திரம் சரிதானா என்று பார்ப்பதற்காக, 3000 கைதிகளின் உயரமும் இடது நடுவிரலின் நீளமும் பதிவாகியிருந்த ஒரு பட்டியலை அவர் எடுத்துக்கொண்டு, அவற்றை 3000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 சிறு மாதிரிகளாக்கினார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கண்டார். ஒரு பிள்ளைக்கு ஐந்து எண்களுக்குத் திட்ட விலக்கம் காண்பது சலிப்பாக இருக்கலாம். அதே வேலையை நூற்றுக்கணக்கான தடவை செய்து பார்த்த பிறகே அந்த மேதை தம் சூத்திரத்தை நம்பினார்.

கூட்டி இரண்டால் வகுப்பது

வீட்டுக்கணக்கில் மிகுதியாக நேரும் பிழைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டை அறியாமை காரணமன்று. எதன் சராசரி, எதன் சதவீதம் என்று கேளாமையே காரணம். 120 கிலோமீட்டர் தூரமுள்ள ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன என்றால், கூட்டி இரண்டால் வகுத்து 50 என்று எழுதிவிடுகிறார்கள். போவதற்கு 3 மணி, வருவதற்கு 2 மணி; 240 கிலோமீட்டரை 5 மணியால் வகுத்தால் 48. மெதுவாகச் சென்ற பிரயாணம் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அவ்வாறே 100 ரூபாய்ப் பொருளின் விலை 20 சதவீதம் ஏறிப் பிறகு 20 சதவீதம் இறங்கினால், பழைய விலைக்கே வந்ததாகத் தோன்றும், ஆனால் ஏறியது 100-இல் 20, இறங்கியது 120-இல் 24, நிற்பது 96.

நிகழ்தகவிலும் இதே கதைதான். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒரு தலையாவது விழுவதற்கு நிகழ்தகவு என்ன? இரண்டு தலை, ஒரு தலை, தலையே இல்லை என்று மூன்று நிலைகள் இருப்பதால் 2/3 என்று எழுதுகிற பிள்ளையைக் கடிந்துகொள்வதற்குமுன், பதினெட்டாம் நூற்றாண்டின் தலைசிறந்த பிரெஞ்சுக் கணித அறிஞர்களுள் ஒருவரான தாலம்பேர், 1754-இல் வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதியில் இதே விடையைத்தான் வாதாடி நிறுத்தினார் என்பதை நினைத்துக்கொள்ளவேண்டும். தலை–தலை, தலை–பூ, பூ–தலை, பூ–பூ என்று கூறுவெளியை ஒழுங்காக எழுதிப்பார்த்தால் நான்கு நிலைகள் உண்டென்பதும், அவற்றுள் மூன்றில் தலை இருப்பதும், விடை 3/4 என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன. மேதையின் ஊகத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஒருவரிப் பட்டியல் திருத்திவிடுகிறது. கூறுவெளியை எழுதாமல் நேரே பின்னத்துக்குத் தாவாதே என்று உபாத்தியாயர்கள் ஓயாமல் சொல்வதன் அருமை இதுதான்.

படிகளை எழுதுவதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. தேர்வில் படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் படி என்பது பிள்ளையின் எண்ணம் எந்த இடத்தில் வழிதவறியது என்பதைப் பிறர் பார்ப்பதற்கு இருக்கும் ஒரே ஜன்னல். இக்காலத்தில் கணக்கைச் செல்பேசியில் படம் பிடித்தால் விடையும் வழியும் ஒருங்கே வந்து விழுகின்றன. கைடுகளிலோ எல்லாக் கணக்கும் போட்டே இருக்கின்றன. இவற்றை நான் முழுவதும் வெறுக்கவில்லை. விடை சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும், முட்டி மோதிப் பார்த்தும் புலப்படாத ஒரு படியைக் கண்டுகொள்வதற்கும் அவை பயன்படும். ஆனால் பிறர் எழுதிய படியைப் பார்த்து எழுதுகையில் கை மட்டுமே வேலை செய்கிறது. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த ராமானுஜனுக்குக் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாக அடுக்கி, பெரும்பாலானவற்றுக்கு நிரூபணத்தைக் கொடுக்காமலே விட்டிருந்தது. அந்த இடைவெளிகளைத் தாமே நிரப்புவதற்காக அவர் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டிருந்தார். அவரைப் போன்ற மேதை எல்லார் வீட்டிலும் பிறப்பதில்லை. ஆனால் விடை மட்டும் தெரிந்த ஒரு கணக்குக்கு வழியைத் தானே காணவேண்டும் என்னும் பிடிவாதம், எந்தப் பிள்ளைக்கும் எட்டக்கூடியதே.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. கணக்குத் தெரியாத தாயும் தந்தையும் பிள்ளைக்கு உதவ முடியாது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். ‘இந்த 21.21 என்றால் என்ன, எனக்குச் சொல்லு’ என்று கேட்பதற்குக் கணக்குத் தெரியவேண்டியதில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்றுகூடச் சொல்லலாம். தெரியாதவருக்கு விளங்கவைக்கும் முயற்சியிலேதான் பிள்ளைக்குத் தன் அறிவின் எல்லை புலனாகிறது.

இரு துறைகள், ஒரு பல்கலைக்கழகம்

இனி, எந்தக் கணிப்பானாலும் உதவமுடியாத ஒரு கணக்கு. இதில் வருபவை உண்மையான எண்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ஆம் ஆண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினருக்கும், பெண்களில் ஏறத்தாழ 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதா என்னும் கேள்வி எழுந்தது. விசாரித்த அறிஞர்கள் எண்களைத் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுத்தால் குறிப்பிடும் அத்துறைகளில் இரண்டை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

முதல் துறையில் 825 ஆண்கள் விண்ணப்பித்து 512 பேர் தேர்ந்தார்கள். 108 பெண்கள் விண்ணப்பித்து 89 பேர் தேர்ந்தார்கள். ஆண்களில் 62 சதவீதம்; பெண்களில் 82 சதவீதம். மற்றொரு துறையில் 373 ஆண்களில் 22 பேரும், 341 பெண்களில் 24 பேரும் தேர்ந்தார்கள். ஆண்களில் சுமார் 6 சதவீதம், பெண்களில் 7 சதவீதம். இரண்டு துறைகளிலும் பெண்களின் விகிதமே மேல். இப்போது இரண்டையும் சேர்த்துக் கூட்டுங்கள். ஆண்களில் 1198 பேருக்கு 534 பேர், அதாவது 45 சதவீதம். பெண்களில் 449 பேருக்கு 113 பேர், அதாவது 25 சதவீதம்.

கூட்டலில் தவறு இல்லை. வகுத்தலிலும் தவறு இல்லை. பிள்ளை இதைத் தன் கையால் இரண்டு முறை போட்டுப் பார்த்துத் திகைக்கவேண்டும். அந்தத் திகைப்பு விலைமதிப்பற்றது. முதல் துறை விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டது. மற்றது பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியது. ஆண்கள் கதவு திறந்திருந்த துறையில் பெருந்திரளாக விண்ணப்பித்தார்கள்; பெண்களில் நான்கில் மூன்று பங்கினர் நெருக்கடி மிகுந்த துறைக்குப் போனார்கள். மொத்தச் சதவீதம் எந்தத் துறைக்கு எத்தனை பேர் சென்றார்கள் என்பதையும் தனக்குள் கலந்துகொண்டுவிட்டது. இதிலிருந்து அநீதியே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதும் அவசரமாகும். பெண்கள் சில துறைகளை நாடாமல் இருந்ததற்குக் காரணம் பள்ளிப் பருவத்திலேயே அவர்களுக்குக் கிடைத்த போதனையாக இருக்கக்கூடும். பல்கலைக்கழக வாசலில் கேட்ட கேள்வி, அதற்குப் பத்தாண்டு முன்னதாக எங்கோ ஒரு வகுப்பறையில் கேட்கவேண்டிய கேள்வியாக மாறிவிடுகிறது. எட்டாம் இயலில் இப்படி ஒரு கணக்கு சேர்க்கப்படவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதற்கு வேண்டிய கணித அறிவு கூட்டலும் சதவீதமும் மட்டுமே.

சாதாரணமான கேள்வி ஒன்று எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு, நம் நாட்டின் பெருமைக்குரிய புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவின் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தைச் சேர்ந்த ஹூவின ஹடகலியில் 1920-இல் பிறந்தவர் அவர். இளம் வயதில் நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்குத் தம்மை எழுப்பி, எண்ணெய் விளக்கை ஏற்றிவைத்துப் படிக்கச் செய்த தாய்க்குத் தாம் கடன்பட்டிருப்பதாகத் தம் நூல் ஒன்றின் சமர்ப்பணத்திலேயே எழுதிவைத்தார். மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாடமும் சொல்லிக்கொடுத்துவந்த நாள்களில், பெரிய மாதிரிகளுக்குப் பொருந்துகிற ஒரு முடிவை அவர் வகுப்பில் விளக்கியபோது, சிறிய மாதிரிகளுக்கு இதைப் போன்ற முடிவு ஏதேனும் உண்டா என்று மாணவர் ஒருவர் கேட்டார். கேட்டவர், பிற்காலத்தில் பொருளாதார அறிஞராகப் புகழ்பெற்ற வி. எம். தண்டேகர். அதற்கு விடை அப்போது ராவிடம் இல்லை. அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துச் சென்று அன்றிரவே போட்டுப் பார்த்து, மறுநாள் விடையோடு வகுப்புக்கு வந்தார். 1945-இல் அச்சேறிய அந்த முடிவு, கிராமர்–ராவ் சமனிலி என்ற பெயரில் இன்று உலகெங்கும் புள்ளியியல் படிக்கிற ஒவ்வொருவருக்கும் பாடமாக இருக்கிறது. ஆசிரியருக்கு மாணவர் கொடுத்த வீட்டுக்கணக்கு என்று அதைச் சொல்லுவதில் தவறில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்க ஒரு வீட்டுக்கணக்கை நானும் சொல்ல விரும்புகிறேன். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை இருக்கிறது என்று அறிவதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் கிடைப்பது சுளைகளின் எண்ணிக்கை. முட்கள் 100 என்றால் சுளைகள் 120. மேடைகளில் இந்தச் சூத்திரத்தை எடுத்துச்சொல்லி முன்னோரின் நுண்ணறிவைப் பாராட்டுவோர் பலர். பகுத்தறிவுக்கு ஒவ்வாதென்று தள்ளுவோரும் சிலர். பழத்தை வெட்டி எண்ணிப் பார்த்துச் சொன்னவர்களை அவ்விரு திறத்தாரிலும் நான் கண்டதில்லை. முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது ஒரு மதிப்பீடு. மதிப்பீட்டைச் சோதித்துப் பார்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

பலாவுக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பருவகாலத்தில், பத்துப் பழங்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். நோட்டில் நான்கு பத்திகள் போதும்: எண்ணிய முள், சூத்திரம் தரும் சுளை, வெட்டி எண்ணிய சுளை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். காம்பருகு என்பது எந்த வரிசையோடு முடிகிறது என்பதில் அபிப்பிராய பேதம் வருமாதலால், ஒரே பழத்தின் முட்களை இரண்டு பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே எண்ணவேண்டும். வித்தியாசங்களின் சராசரி பூஜ்யத்துக்கு வெகு தூரத்தில் இருந்தால் சூத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். சராசரி பூஜ்யத்தை ஒட்டியிருந்தும் திட்ட விலக்கம் பெரிதாக இருந்தால், மொத்தத்தில் சரியாகவும் தனித்தனிப் பழத்தில் நம்பத்தகாததாகவும் இருக்கிறது என்று பொருள். பத்துப் பழமும் ஒரே மரத்தில் காய்த்தவையாக இருந்தால் அந்த ஒரு மரத்தைப் பற்றித்தான் தெரியவரும். ஆகையால் தோப்புகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, வெவ்வேறு தோப்புகளிலிருந்து பழங்களைக் கொண்டுவரவேண்டும். கடைசியில் பத்தால் வகுப்பதா, ஒன்பதால் வகுப்பதா என்பதை, சுளைகளைத் தின்றுகொண்டே, வகுப்பு விவாதித்து முடிவு செய்யட்டும்.